ஊர் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்: சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று முதலில் கேளுங்கள்

டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் டிசம்பர் விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்களில் பலர் ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டே போகிறார்கள். அம்மாவால் இனிமேல் குந்தி உட்கார முடியாது, பழைய இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அது. மூன்று வாரத்தில் முடிக்கலாம். ஆனால் விமானம் ஏறும் முன்பே அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

டிராப் என்பது நாற்றம் மேலே ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் வீடுகளில் பெரும்பாலும் டாய்லெட் கோப்பையின் கழிவு வாய் பின்பக்கம் திரும்பி, வெளிச்சுவரைத் துளைத்து, வெளியே நிற்கும் 110 மில்லிமீட்டர் குழாயில் சேரும். இதுதான் பி டிராப். ஊர் வீடுகளில் பல இடங்களில் குழாய் தரைக்குள் இறங்கும். அது எஸ் டிராப். இங்கே பார்த்துப் பழகியதை வைத்து ஊர்க் கடையில் ஆர்டர் கொடுத்தால் முதல் தவறு அங்கேயே நடந்துவிடும்.

எஸ் டிராப் என்றால் அடுத்த கேள்வி, பின்சுவரிலிருந்து தரையில் குழாய் இறங்கும் துவாரத்தின் நடுப்புள்ளி வரை எவ்வளவு தூரம்? ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பவை 9 அங்குலமும் (சுமார் 225 மி.மீ.) 12 அங்குலமும் (300 மி.மீ.). 4 அங்குலத்திலும் உண்டு. அளவை டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து எடுக்க வேண்டும். டைல்ஸ் இனிமேல்தான் ஒட்டப் போகிறார்கள் என்றால் டைல்ஸுக்கும் கலவைக்குமாக ஓர் அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். பி டிராப்பாக இருந்தால் தரையிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை உள்ள உயரம் வேண்டும். வழக்கமான அளவு 180 மி.மீ.

9 அங்குலத் துவாரத்துக்கு 12 அங்குலக் கோப்பை வாங்கினால் அது சுவருக்குள் மூன்று அங்குலம் போயாக வேண்டும், எனவே உட்காரவே உட்காராது. தலைகீழாக வாங்கினால் உட்காரும், ஆனால் பின்னால் மூன்று அங்குல இடைவெளி நின்று அழுக்கு சேரும், முன்னால் அவ்வளவு இடம் குறையும். “ஆஃப்செட் கனெக்டர் போட்டு இழுத்துக்கலாம் சார்” என்பார்கள், கோணலான இணைப்புக் குழாயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். அந்தக் கோணலில் கழிவு தங்கும், குறைந்த தண்ணீரில் ஃப்ளஷ் செய்யும்போது அடைத்துக்கொள்ளும். நாம் திரும்பி வந்த பிறகு அந்த அடைப்போடு இருக்கப்போவது ஊர் வீட்டில் இருப்பவர்கள்தான்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போதே ஊரில் இருக்கும் தம்பியையோ அத்தை மகனையோ வீடியோ காலில் கூப்பிட்டு, டேப்பைப் பிடிக்கச் சொல்லி, எண் தெரிகிற மாதிரி படம் வாங்கிக்கொள்ளுங்கள். “ஒரு அடி இருக்கும்” என்ற பதில் அளவு ஆகாது.

இந்தியன் டாய்லெட்டை மாற்றுவதாக இருந்தால் மேலே சொன்ன அளவு நாம் புதிதாக உருவாக்க வேண்டிய அளவு. அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். இந்தியன் பீங்கானுக்கு அடியில், தரைக்குள், தனியாக ஒரு டிராப் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் கோப்பைக்குள் டிராப் கூடவே வருகிறது. தரையை அதிகம் உடைக்காமல் சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்பவர், பழைய டிராப்பை அப்படியே விட்டு அதன் மேல் புதிய கோப்பையை உட்கார வைத்துவிடுவார். இரண்டு டிராப்புக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் ஏறி, நின்று, மெதுவாக இறங்கும். குறை ஃப்ளஷ் டேங்கில் என்று நினைத்து அதை இரண்டு தடவை மாற்றுவார்கள். கடைசியில் புதுத் தரையையே மறுபடி உடைக்க வேண்டி வரும்.

ஆகவே பழைய பீங்கான், பழைய டிராப் இரண்டும் வெளியே வந்ததைக் கண்ணால் பாருங்கள். பிறகு 110 மி.மீ. பிவிசி குழாயை அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, வாங்கிய கோப்பையின் அளவுக்குச் சரியாக எல்போ என்ற வளைவுத் துண்டு வைத்து மேலே கொண்டுவர வேண்டும். மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். மாடி வீடாக இருந்து, அந்த இடத்தில் தளம் பள்ளமாக விடப்பட்டிருக்காவிட்டால் உடைக்கவே கூடாது. கீழ் வீட்டுக் கூரை அது.

உடைப்பு ஒரு நாள், குழாயும் சோதனையும் ஒரு நாள், கான்கிரீட் இறுக இரண்டு மூன்று நாள், டைல்ஸ் ஒரு நாள், கோப்பை பொருத்தி ஒட்டியது காய இன்னொரு நாள். ஒரு வாரம் என்று வையுங்கள். வீட்டில் இருப்பது ஒரே டாய்லெட் என்றால் அந்த ஒரு வாரம் அம்மா எங்கே போவார்? இதைத் திட்டம் போடும் எவரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். எழுபத்தைந்து வயதில் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அவர் மாட்டார். மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், நம்மிடம் சொல்லவும் மாட்டார். சர்ஜிக்கல் கடையில் கமோட் சேர் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் முதல் சம்மட்டி அடி விழ வேண்டும். கோப்பையும் பெட்டி பிரித்துப் பார்க்கப்பட்டு, விரிசல் இல்லை என்று தெரிந்து, வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

இடம் இருந்தால் பழையதை இடிக்காமல் வேறு மூலையில் புதிதாக ஒன்று வைப்பதே மேல். கையில் இரண்டே வாரம் என்றால், இந்தியன் டாய்லெட்டின் மேல் நிறுத்துகிற துளையுள்ள இரும்பு நாற்காலி போதும், அடுத்த பயணத்தில் நிதானமாகச் செய்யலாம்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிகிற நேரம். நிலத்தடி நீர் மேலே இருக்கும், கழிவுநீர் இறங்கும் உறைக்குழி தண்ணீரை வாங்காது. நல்ல கோப்பையும் மெதுவாக இறங்கும், சிமெண்டும் லேசில் காயாது. பொங்கலுக்கு முன்னும் பின்னும் கொத்தனார் கிடைக்க மாட்டார். நமக்கோ ஜனவரி நடுவில் பள்ளி திறந்துவிடும். வந்த முதல் வாரமே உடைப்பை ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோப்பை? டர்பன் பக்கத்து உம்லாங்கா அடுக்குமாடியில் எடுத்த படத்தைப் பார்த்த மாமா, சுவரில் தொங்குகிற மாடலே வேண்டும் என்பார். அதற்குச் சுவருக்குள் இரும்புச் சட்டம் வேண்டும், நாலரை அங்குலச் சுவர் தாங்காது. டேங்க் சுவருக்குள் ஒளிந்திருப்பதால், பழக்கமில்லாத பிளம்பர் சின்ன வாஷருக்கும் சுவரைக் கொத்துவார். நாம் அங்கே இருப்பது மூன்று வாரம். மீதி 49 வாரமும் அந்தக் கதவைத் தனியாகச் சாத்திக்கொள்கிறவர் எழுந்திருக்க வசதியானதுதான் நல்ல டாய்லெட்.

தரையில் நிற்கும், வாஷ் டவுன் வகைக் கோப்பையையே கேளுங்கள். தண்ணீர் விழுகிற வேகத்திலேயே கழிவைத் தள்ளுவது அது. கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாளில் அரை வாளி தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினாலும் வேலை செய்யும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் வாளி சுமந்த, டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் அழுத்தத்தையும் பாருங்கள். இங்கே கீசருக்கு வைக்கும் வால்வே பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல், அதாவது 40 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஊரில் மொட்டை மாடி டேங்க் நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் பத்தில் ஒரு பங்குதான் வரும். டேங்க் இல்லாமல் குழாய் அழுத்தத்திலேயே ஃப்ளஷ் ஆகும் வால்வு அங்கே எடுபடாது. 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள சாதாரண டேங்க் போதும்.

உயரத்தை நம் காலுக்கு அளக்கக் கூடாது. அம்மாவைச் செருப்பில்லாமல் நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதோடு ஓரிரு அங்குலம் சேர்த்தால் சீட்டின் உயரம். 18 அங்குலக் கோப்பை முட்டிவலிக்கு நல்லது என்று விற்பார்கள். குள்ளமானவருக்குப் பாதம் அந்தரத்தில் தொங்கும், முக்கவும் முடியாது, எழவும் முடியாது. கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 15 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், முன்னால் இரண்டு அடி. வாளியும் மக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க இடம் விடுங்கள். ஹெல்த் ஃபாசெட் என்ற கைத் தெளிப்பான் வைத்தாலும் அவர்கள் மக்கைத்தான் எடுப்பார்கள். கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆங்கர் போட்டு முடுக்குங்கள். இல்லாவிட்டால் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவார், அது பிடுங்கிக்கொண்டு வரும்.

பொருத்தும்போது கோப்பையைச் சிமெண்டில் புதைக்க விடாதீர்கள். பீங்கான் விரிசல் விடலாம், பிறகு கழற்றவும் முடியாது. தரையில் ஸ்குரூ, அடியைச் சுற்றி சிலிகான், பின்பக்கம் மட்டும் சிறிது இடைவெளி. கசிந்தால் அந்த வழியாகத் தெரியும்.

போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் டேங்குக்குத் தண்ணீர் விடும் வால்வு சில மாதத்தில் அடைக்கும். கோப்பையை எந்தக் கம்பெனியில் வாங்கினாலும், அதன் வால்வும் வாஷரும் பக்கத்து டவுனில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு செட்டை அலமாரியில் வைத்து, பிளம்பர் எண்ணைப் பெரிய எழுத்தில் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். டேங்குக்குக் கீழே தண்ணீரை நிறுத்த இருக்கும் ஆங்கிள் காக் குழாயை அம்மாவையே ஒரு தடவை மூடச் சொல்லிப் பாருங்கள். அவர் கைக்கு இறுக்கமாக இருந்தால், கால் சுற்றில் மூடும் வகையாக மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.