பழைய தையல் மெஷினின் பூர்வீகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலிருந்து பேர் அழிந்த கறுப்புத் தையல் மெஷின் ஒன்று இறங்கினால், உடனே ஸ்பிரிட்டும் துணியுமாகத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இல்லை. பழைய மெஷின்களின் தங்கநிறப் பூவேலைக்கு மேல் பெரும்பாலும் ஷெல்லாக் (அரக்கு) மெருகு இருக்கும். ஸ்பிரிட் பட்டால் அது கரையும், பூவேலையும் சேர்ந்து போகும். மெஷின் எந்தக் கம்பெனியுடையது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அந்தப் பூவேலைதான் முக்கியமான தடயம். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும்.

இரும்பு ஸ்டாண்டில் 'சிங்கர்' என்று வார்த்திருப்பதை நம்ப வேண்டாம். ஒரு மெஷினின் ஸ்டாண்டில் வேறொன்றின் தலையை மாட்டி ஓட்டுவது சகஜம்.

கண்ணில் படும் ஆண்டும் ஏமாற்றும். 1851, 1951 இரண்டும் உள்ள சிங்கர் வில்லையைப் பார்த்துவிட்டு, "இது 1851 மெஷின்" என்று விற்பவர்கள் உண்டு. அது கம்பெனியின் நூற்றாண்டு வில்லை. தகட்டில் வரிசையாக உள்ள காப்புரிமைத் தேதிகளும் தயாரித்த தேதி அல்ல.

சிங்கர் என்றால் வரிசை எண்தான் பேசும். படுகையின், அதாவது துணியை வைத்துத் தைக்கும் அடிப்பகுதியின், வலது ஓரத்தில் தேடுங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்து வந்தது 1900-லிருந்துதான். அந்த எழுத்து தொழிற்சாலையைக் காட்டும்: ஒய் என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க், ஜி என்றால் நியூ ஜெர்சியின் எலிசபெத், சி என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. அழுக்கில் எழுத்தைத் தவறவிட்டால், 1920-களில் செய்ததை விக்டோரியா காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். சிங்கர் வரிசை எண் பட்டியலில் கிடைப்பதும் அந்த எண்வரிசையை ஒதுக்கிய தேதிதான். மெஷின் சில மாதம் கழித்துக்கூட வெளியே வந்திருக்கலாம்.

வயதானதாலேயே விலை ஏறிவிடாது. சிங்கர் கோடிக்கணக்கில் செய்து குவித்தது. 2009-ல் சவூதியில், பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருப்பதாகப் புரளி கிளம்பி விலை தாறுமாறாக ஏறியது. அப்படி ஒரு பொருளே இல்லை.

கேள்விப்படாத பேர் ஒட்டியிருந்தால் அந்தப் பேரைத் துரத்திப் பயனில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் 'சிங்கர் 15' என்ற மாடலை அப்படியே நகலெடுத்து, வாங்கியவர் கேட்ட பேரை ஒட்டி அனுப்பின. ஆகவே ஊசிக்கு அடியில் உள்ள தகட்டை நகர்த்தி உள்ளே பாருங்கள். நீளமான தோணி வடிவ ஷட்டில் முன்னும் பின்னும் வீசுகிறதா, வட்ட பாபின் மேலிருந்து விழுகிறதா, இல்லை பாபின் கேஸ் இடப்பக்கம் பார்த்து உட்கார்கிறதா? கடைசி வகை என்றால், நூல் இறுக்கும் திருகும் இடது முனைத் தகட்டிலேயே இருந்தால், அது பெரும்பாலும் 15-இன் குடும்பம். படுகைக்கு அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' (Made in Occupied Japan) என்ற ஆங்கில முத்திரை இருந்தால் 1952-க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பில்லை.