சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் முறை

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவைச் சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது பயன் தராது. உருண்டையான புவியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி எதுவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி நிலையமும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையமும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 178 பாகை விலகி, புவியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருப்பதால், அவற்றுக்கிடையிலான குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. இது கணக்கை வெகுவாக எளிதாக்கிவிடுகிறது. சாங்கியின் அட்சரேகை சுமார் 1.4 பாகை, கென்னடியினுடையது 40.6 பாகை; இரண்டையும் 180-இலிருந்து கழித்தால் 138 பாகை கிடைக்கும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் தொலைவு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 17 மணி நேரம் ஆகும். ஆனால் அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்தையொட்டிக் குறிப்பிடுகிறார்கள். ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும், மேலெழும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகமும், துருவத்தைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லும் பாதையும் இதற்குக் காரணங்கள். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றைத் துணையாகக் கொள்ள, நியூயார்க் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாகப் பறக்கின்றன; தொலைவு கூடினாலும் நேரம் அவ்வளவாகக் கூடுவதில்லை.

பயணச்சீட்டிலுள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களை நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறந்தவர், கோடையானால் அதே தேதியில் காலை 6.30 மணிக்கே இறங்கிவிடுவார்.