சீட்டு கையில், சினம் கட்டுக்குள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறோம். பணம் கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை.

ஒரு சித்திரை மாலை என் கையில் இரண்டு ஆஸ், தம்பியிடம் இரண்டு ராஜா. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் சீட்டுகளில் கடைசியாக மூன்றாவது ராஜா விழுந்தது, தம்பி வென்றான். 60 கொட்டைகள் போயின. மீதி 40ஐயும் பத்தே நிமிடத்தில் கோபத்தில் தொலைத்தேன். அந்த 60 கொட்டை போனது சீட்டின் செயல். இந்த 40 போனது முழுக்க என் செயல். தோற்ற கோபத்தில் நிதானமிழந்து ஆடும் இந்த நிலையைத்தான் போக்கர்காரர்கள் 'டில்ட்' என்கிறார்கள்.

இரண்டு ஆஸை இரண்டு ராஜா ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை வெல்லும். ஆட உட்காரும் முன்பே இதை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். தோல்வி அநியாயமாகத் தோன்றாது.

பெரிய ஆட்டம் தோற்றதும் எழுந்துவிடுங்கள். நான் மாடிச் சுவரோரம் நின்று, கோட்டை இருக்கும் திசையைப் பார்த்தபடி ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்ததும் அடுத்த மூன்று ஆட்டங்களில் மிக உயர்ந்த சீட்டு வந்தாலன்றி சீட்டை மடித்து வைத்து விலகிவிடுவேன். தோற்றதை உடனே மீட்க வேண்டும் என்ற பதற்றம் அதற்குள் அடங்கிவிடும்.

தூக்கம் கெட்ட நாளில் ஆடாதீர்கள். வேலூர் வெயிலில் அலைந்து வந்த நாளிலும் வேண்டாம்.

ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். வெற்றி தோல்வியை அதில் எழுதுவதில்லை. எந்தச் சீட்டுக்கு ஏன் பந்தயத்தை ஏற்றினேன், அப்போது மனம் எப்படி இருந்தது, இவ்வளவுதான். 'எரிச்சல்' என்று எழுதிய பக்கங்களில் எல்லாம் தவறான ஏற்றம் இருக்கிறது.