பிரிட்டனில் குலச்சின்னத்துக்கு உரிமை கோருவது எப்படி

குடும்பப்பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பெயருக்கென்று ஒரு கேடயத்தையும் அதனடியில் ஒரு லத்தீன் வாசகத்தையும் அச்சிட்டு, சட்டம் போட்டுத் தரும் வியாபாரம் நெடுநாளாக நடந்து வருகிறது. அதை வாங்கி மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, பெயருக்கென்று குலச்சின்னம் (கேடயத்தில் வரையும் அடையாளம்) எதுவும் கிடையாது என்பதுதான். பிரிட்டனின் மரபுப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது; அவருக்குப் பின் சொத்தைப் போல அவருடைய வாரிசுகளுக்கு இறங்குகிறது. ஸ்மித் என்ற பெயருடைய பலர் வெவ்வேறு சின்னங்களைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் எவருடைய வழியிலும் வராத ஸ்மித்துக்கு அவற்றில் ஒன்றும் உரியதல்ல.

ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு சின்னத்தைத் தேடாமல், தன்னிலிருந்து தொடங்கித் தந்தை, பாட்டனார், அவருடைய தந்தை என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதலும், ஸ்காட்லாந்தில் 1855 முதலும் கிடைக்கின்றன. அதற்கு முற்பட்ட காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளே துணை. இங்கிலாந்தில் அவற்றை எழுதிவரும்படி 1538இல் ஆணை பிறந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் வேண்டும், நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கோரிக்கை நிற்காது. வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி இருக்கிறது, அதன் காம்பில் சிங்கத்தலை ஒன்று பொறித்திருக்கிறது என்பது சான்றாகாது. கரண்டி கைமாறி வந்திருக்கலாம். பொறித்த கைவினைஞர் மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துப் பொறித்திருக்கலாம். வந்த வழியை ஆராய்வதற்கு அது ஒரு துப்பு, அவ்வளவே.

வம்சாவளி கையில் வந்ததும், எந்த அலுவலகத்தை அணுகுவது என்பது மூதாதையர் வாழ்ந்த நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற குலச்சின்ன அலுவலகம். ஸ்காட்லாந்துக்கு எடின்பரோவில் உள்ள, லார்ட் லயன் என்ற குலச்சின்ன அதிகாரியின் நீதிமன்றம். அயர்லாந்துக் குடியரசில் 1943 முதல் இப்பணி டப்ளினில் உள்ள தலைமை ஹெரால்டிடம் இருக்கிறது; ஹெரால்டு என்பவர் குலச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரி. காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் சாசனத்தால் அமைந்தது. 1530 முதல் 1688 வரை அதன் ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, சின்னம் பயன்படுத்துவோரை அழைத்து ஆதாரம் கேட்டு, ஏற்கத்தக்கவர்களின் வம்சாவளியைப் பதிவுசெய்தார்கள். உங்கள் மூதாதையர் அந்த ஏடுகளில் இருக்கிறாரா என்பதைக் கட்டணம் செலுத்தித் தேடச் சொல்லலாம்.

இங்கிலாந்தின் விதி ஓரளவு தாராளமானது. சின்னம் பெற்றவரின் ஆண்வழியில் முறைப்படி பிறந்தவர்கள் எல்லோருக்கும் அது இறங்குகிறது. தந்தை இருக்கும்போது, கேடயத்தில் கூடுதலாக வரையப்படும் குறிகளில், மூத்த மகனைப் பட்டைக் குறியும், இரண்டாம் மகனைப் பிறையும், மூன்றாமவரை விண்மீனும் வேறுபடுத்திக் காட்டும். மகள்களும் பயன்படுத்தலாம். ஆனால் உடன்பிறந்த ஆண்கள் இல்லாதபோதோ அவர்களின் வழி அற்றுப்போனபோதோதான் மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கடத்த முடியும். ஸ்காட்லாந்திலோ வேறுபாடு சேர்க்காத முழுச் சின்னம் ஒரு காலத்தில் ஒருவருக்கு மட்டுமே. இளைய பிள்ளைகள் லார்ட் லயனிடம் விண்ணப்பித்து, கேடயத்தைச் சுற்றி ஒரு கரை போன்ற மாற்றத்துடன் தங்களுக்கெனப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவேடு 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. ஒரு தலைவரின் கீழ் வரும் ஸ்காட்லாந்துக் குலத்தைச் (கிளான்) சேர்ந்தவர்கள் தொப்பியில் அணியும் வார்ப்பட்டை வடிவ வட்டப் பதக்கம் அவர்களின் சொந்தச் சின்னமல்ல. தலைவரின் உச்சி உருவத்தை, அதாவது கேடயத்துக்கு மேல் தலைக்கவசத்தின் உச்சியில் வரையப்படும் உருவத்தை, வட்டத்துக்குள் வைத்து அணிவதன் பொருள், அவரைச் சேர்ந்தவர் என்பதே. கேடயம் தலைவருக்கே உரியது.

தொடர்பு கிட்டாவிட்டால் புதிய சின்னம் கோரலாம். இங்கிலாந்தில் மனுவை, நார்ஃபோக் கோமகன்களின் பரம்பரைப் பதவியும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸின் மேற்பார்வைப் பொறுப்புமான ஏர்ல் மார்ஷலுக்கு எழுத வேண்டும். மனுதாரரின் கல்வி, தொழில், பொதுப்பணி ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கட்டணம் பல ஆயிரம் பவுண்டு. தகுதி பற்றிய சர்ச்சை புதிதல்ல. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596இல் சின்னம் வழங்கப்பட்டது. தகுதியற்றவர்களுக்குச் சின்னங்களை வாரி வழங்குகிறார்கள் என்று யார்க் ஹெரால்டு என்ற பதவியில் இருந்த ரால்ஃப் புரூக் 1602இல் புகார் எழுப்பியபோது, அந்தப் பட்டியலில் இந்தக் குடும்பமும் இருந்தது. சின்னத்தை வழங்கிய ஹெரால்டு வில்லியம் டெதிக்கும் அவருடன் சக ஹெரால்டு வில்லியம் கேம்டனும் அதற்கு எழுத்தில் மறுமொழி தர வேண்டியதாயிற்று.

பிறருடைய சின்னத்தை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தில் அது குற்றம். லார்ட் லயனின் நீதிமன்றத்துக்கெனத் தனி அரசு வழக்கறிஞர் உண்டு. இங்கிலாந்தில் குலச்சின்ன வழக்குகளை விசாரிக்கும் சிவல்ரி நீதிமன்றம் 1737க்குப் பிறகு ஒரே ஒருமுறை, 1954இல், கூடியது. மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஒரு நாடக அரங்கு தன் முத்திரையிலும் மேடைத் திரைக்கு மேலும் வைத்துக்கொண்டதே வழக்கு, மாநகராட்சி வென்றது. இத்தனை அரிதாகக் கூடும் நீதிமன்றத்துக்கு யாரும் அஞ்சப் போவதில்லை என்பது என் கருத்து. ஆனால் தண்டனை வராது என்பதால் உரிமை வந்துவிடாது.

குறிக்கோள் வாசகத்தின் கதை வேறு. இங்கிலாந்தில் அதற்கு ஏகபோக உரிமை இல்லை. ஒரே வாசகத்தைப் பல குடும்பங்கள் வைத்திருக்கலாம், விரும்பினால் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கேவெண்டிஷ் குடும்பத்தின் ‘கேவெண்டோ டூட்டஸ்’ (லத்தீனில், எச்சரிக்கையால் பத்திரமானவர்) போலப் பெயரை வைத்தே சொல் விளையாடும் வாசகங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் வாசகம் குலச்சின்ன உரிமத்தின் ஒரு பகுதியாகப் பதிவாகிறது. வழக்கமாக உச்சி உருவத்துக்கு மேலே எழுதப்படும், மாற்ற வேண்டுமானால் மீண்டும் லார்ட் லயனிடம்தான் போக வேண்டும். சின்னம் இல்லாதவர் தமக்கென ஒரு வரியை அமைத்து வீட்டில் எழுதிவைத்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதைக் கேடயத்தோடு சேர்த்து வரையும்போதுதான் மேற்சொன்ன அலுவலகங்களின் வேலை தொடங்குகிறது.