பேட்ச் ஃபைலிலிருந்து அட்மின் உரிமையுடன் புரோகிராமைத் திறக்க

விண்டோஸில் ரன்ஆஸ் கட்டளை மட்டும் போதாது. அது வேறு கணக்கில் திறக்குமே தவிர யுஏசி அனுமதியை (அட்மின் உரிமை தரலாமா என்று விண்டோஸ் கேட்பது) கேட்காது. பேட்ச் ஃபைலிலிருந்து (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட்) விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை அழைத்து, 'ஸ்டார்ட்-பிராசஸ்' கட்டளையுடன் புரோகிராமின் முழுப் பாதையையும் '-வெர்ப் ரன்ஆஸ்' என்பதையும் கொடுங்கள். அனுமதிப் பெட்டி வரும். புரோகிராம் முடியும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்க வேண்டுமானால் '-வெயிட்' சேருங்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பேட்ச் ஃபைலையே அட்மினாகத் திறந்தால் அது சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் ஃபைலைக்கூடக் காணோம் என்னும். முதல் வரியிலேயே சிடி /டி "%~டிபி0" (cd /d "%~dp0") எழுதிவிடுங்கள்; ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே அது போய்விடும். அந்த /டி-ஐ விட்டுவிட்டால், ஸ்கிரிப்ட் பென்டிரைவில் இருக்கும்போது டிரைவ் மாறாது. இசட்: என்று இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவும் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அட்மின் லாகின் செஷன் தனி. \\சர்வர்\ஃபோல்டர் என்று முழுப் பாதை கொடுங்கள்.

தினமும் 'யெஸ்' அழுத்த வேண்டாம் என்றால், வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்து ஒரு டாஸ்க் உருவாக்கி, 'எஸ்சிஎச்டாஸ்க்ஸ் /ரன் /டிஎன்' கட்டளையில் அதன் பெயரைக் கொடுத்து இயக்கலாம். ஆனால் அந்த டாஸ்க் திறக்கும் ஃபைலைச் சாதாரணப் பயனர் திருத்த முடியாத ஃபோல்டரில் கட்டாயம் வையுங்கள். இல்லையேல் யார் வேண்டுமானாலும் அதை மாற்றி அட்மின் உரிமையைப் பிடித்துவிடலாம்.