பழைய ஆம்னிய நம்ம இஷ்டத்துக்கு கேம்பர் வேனா மாத்தறது எப்படி

வீட்டுல பழைய மாருதி ஆம்னி சும்மா நிக்குது, அத படுத்துத் தூங்குற வண்டியா மாத்தணும்னு ஆசை வந்தா உடனே பிளைவுட் கடைக்கு ஓடாதீங்க. பின் சீட்ட கழட்டிட்டு ஒரு பாய விரிச்சு ஒரு ராத்திரி அதுலயே படுங்க, வீட்டு வாசல்லயே நிறுத்தி படுத்தா போதும். கால் எங்க இடிக்குது, கொசு எந்தப் பக்கம் வருது, விடிஞ்சதும் எந்தக் கண்ணாடி வழியா வெயில் மூஞ்சில அடிக்குதுனு எல்லாம் தெரிஞ்சிரும். நான் இத செய்யாம ஆசையா ஒரு அலமாரி அடிச்சு, கால் நீட்ட இடமில்லாம அடுத்த மாசமே பிரிச்சுப் போட்டேன்.

அடுத்தது துரு. 1984-ல வந்து 2019 வரைக்கும் ஓடுன மாடல், உங்களுது எந்த வருஷமா இருந்தாலும் தரை மேட்ட தூக்கிப் பாருங்க, சக்கரத்துக்கு மேல வளைவு, ஸ்லைடிங் டோர் ஓடுற தண்டவாளம், கூரை ஓரத்து தண்ணி வாய்க்கா இதெல்லாம் முள்ளாணியால குத்திப் பாருங்க. டிங்கரிங் முடியாம உள்ள ஒரு ஆணி கூட அடிக்காதீங்க, பின்னாடி எல்லாத்தையும் பிரிக்கணும்.

கூரைய அறுத்து உயரமாக்குற ஐடியா இருந்தா விட்டுருங்க. கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்தக்கூடாதுனு சுப்ரீம் கோர்ட்டே 2019-ல சொல்லிருச்சு. கலர் மாத்துனா ஆர்சி புக்குல ஏத்தணும், சீட்ட நிரந்தரமா எடுக்கறதா இருந்தாலும் மொதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க. அதனால கட்டில தனிப் பெட்டியா செஞ்சு, பழைய சீட் போல்ட் ஓட்டையிலயே முடுக்குற மாதிரி வச்சுக்கறது புத்திசாலித்தனம், எஃப்சிக்கு, அதாவது வண்டி தகுதிச் சான்று வாங்க போறப்ப கழட்டிட்டு சீட்ட மாட்டிரலாம்.

796 சிசி இஞ்சின், அதுவும் முன் சீட்டுக்கு அடியில உக்காந்திருக்கு. 19 எம்எம் பலகைல கட்டில் அடிச்சா கொடைக்கானல் ஏத்தத்துல வண்டி அழும், 12 எம்எம் மரைன் பிளைவுட் (தண்ணி தாங்குற பலகை) போதும், அடியில குறுக்குச் சட்டம் குடுத்துட்டா பலகை வளையாது. இஞ்சின் சூடு மேல வராம சீட்டுக்கு அடியில சூடு தாங்குற ஷீட் ஒட்டுங்க, சாதா தெர்மாகோல் வச்சுராதீங்க, தீப்பிடிக்கும்.

கரண்டுக்கு கணக்கு போட்டா பயமே இல்ல. 20 வாட் டிசி ஃபேன், 10 வாட்டுக்கு லைட், பத்து மணி நேரம் ஓடுனா 300 வாட் அவர். 12 வோல்ட் 50 ஏஎச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரில ரெண்டையும் பெருக்குனா சுமார் 600 வாட் அவர் இருக்கு, பாதி தான் செலவாகும். பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க, வண்டியோட சொந்த பேட்டரில மட்டும் கை வைக்காதீங்க, காலைல தள்ளு தள்ளுனு தள்ளணும்.

அழகு விஷயம் உங்க இஷ்டம். என்னோடதுல மதுரை சுங்குடில திரை, மெத்தை மேல பத்தமடை கோரைப் பாய், ரெக்ஸின் போட்டா முதுகு வேர்த்து ஒட்டிக்கும். சமையல் பின் கதவ தூக்கிட்டு அதுக்கு அடியில வெளிய நின்னு பண்றதோட சரி, உள்ள அடுப்பு பத்த வச்சு கதவ மூடுனா கார்பன் மோனாக்சைடு ஆள காலி பண்ணிரும்.

எல்லாம் முடிச்சதும் தெருவுல இருக்குற மோசமான ஸ்பீட் பிரேக்கர் மேல நாலு தடவ ஏத்தி இறக்குங்க, பின்னாடி ஒரு ஆள உக்கார வச்சு சத்தம் எங்கருந்து வருதுனு கேட்டு அங்கங்க ரப்பர் சொருகுங்க.