காஸ் எந்தத் தேதில பொறந்தாரு? அவரோட ஃபார்முலாவ வெச்சே கண்டுபிடிக்கிறது எப்படி

ஜெர்மன் கணித மேதை கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ்னு சொன்னா உடனே பெல் கர்வ், காந்தப்புலத்தோட யூனிட், 1833ல வில்ஹெல்ம் வெபரோட சேர்ந்து கோட்டிங்கன்ல இழுத்த டெலிகிராஃப் கம்பி, இதெல்லாம்தான் பேசுவாங்க. ஆனா அவர் மூளை எப்படி ஓடுச்சுனு பாக்கணும்னா என்னைக் கேட்டா ஈஸ்டர் கணக்குதான் பெஸ்ட், ஏன்னா அதுக்கு ஸ்கூல் வகுத்தல் தெரிஞ்சா போதும், பேப்பர் பேனா எடுத்துட்டு உக்காந்தா கால் மணி நேரத்துல முடிஞ்சிரும்.

கணக்கு இதுதான். காஸோட அம்மா டொரோதியா அவ்வளவா படிச்சவங்க இல்ல, பையன் பொறந்த தேதிய குறிச்சு வைக்கல. அவங்க ஞாபகத்துல நின்னது ஒரு புதன்கிழமை, விண்ணேற்றத் திருநாளுக்கு (இயேசு விண்ணகம் போனத கொண்டாடுற நாள்) எட்டு நாள் முன்னாடி, அவ்ளோதான். வருஷம் 1777, ஊர் பிரவுன்ஷ்வைக். இத வெச்சு தேதிய எடுக்கணும். (இதுக்காகவே அவர் ஃபார்முலா கண்டுபிடிச்சாருன்னு சிலர் கதைய இழுப்பாங்க, அது கொஞ்சம் ஓவர்னு நெனைக்கிறேன், அந்த மனுஷன் நம்பர் எங்க கெடச்சாலும் விடாத ஆளு.)

விண்ணேற்றம் ஈஸ்டர்ல இருந்து 39 நாள் கழிச்சு வர்ற வியாழக்கிழமை. அப்போ 1777 ஈஸ்டர் எப்போன்னு தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. ஈஸ்டருக்கு ரூல் என்னன்னா மார்ச் 21 அன்னிக்கோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்து வர்ற ஞாயிறு. இந்த பௌர்ணமி வானத்துல பாக்குற பௌர்ணமி இல்ல, சர்ச் டேபிள்ல இருக்குற கணக்கு பௌர்ணமி, அதனாலதான் ஃபார்முலாவே சாத்தியம்.

சரி ஆரம்பிக்கலாம். வருஷத்த 19ஆல வகுத்து மீதிய எடுங்க, அது ஏ. 4ஆல வகுத்த மீதி பி, 7ஆல வகுத்த மீதி சி. ஈவு எதுவும் வேணாம், மீதி மட்டும். 1777க்கு ஏ 10, பி 1, சி 6 வரும்.

அடுத்து ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு ஜோடி நம்பர் இருக்கு. 1700ல இருந்து 1799 வரைக்கும் 23, 3. அடுத்த நூறு வருஷத்துக்கு 23, 4. 1900ல இருந்து 2099 வரைக்கும் 24, 5, அதனால நம்ம ஆயுசுக்கு இந்த ஒரு ஜோடிய மனப்பாடம் பண்ணா போதும்.

இப்போ ஏவ 19ஆல பெருக்கி ஜோடியோட முதல் நம்பர கூட்டி 30ஆல வகுங்க, மீதி டி. நமக்கு 190 + 23 = 213, மீதி 3. மார்ச் 21ல இருந்து டி நாள் தள்ளிப் போனா பௌர்ணமி, அதாவது மார்ச் 24.

கடைசியா ஈ. பியோட 2 மடங்கு, சியோட 4 மடங்கு, டியோட 6 மடங்கு, ஜோடியோட ரெண்டாவது நம்பர், எல்லாத்தையும் கூட்டி 7ஆல வகுத்து மீதி. 2 + 24 + 18 + 3 = 47, மீதி 5. ஈஸ்டர் (பின்னாடி வர்ற ரெண்டு விதிவிலக்கு தவிர) எப்பவுமே மார்ச் 22 + டி + ஈ. 22 + 3 + 5 = 30, மார்ச் 30. (31 தாண்டிச்சுன்னா 31ஐ கழிச்சிருங்க, ஏப்ரல் தேதி வந்துரும்.)

மார்ச் 30ல இருந்து 39 நாள் போனா மே 8, வியாழன். அதுல எட்டு நாள் பின்னாடி வந்தா ஏப்ரல் 30, புதன்கிழமை. ஆமா, காஸோட பிறந்தநாள் 1777 ஏப்ரல் 30தான், அம்மா சொன்ன கிழமையும் பொருந்துது பாருங்க.

இதோட நிறுத்திட்டா ஒரு மேஜிக் மாதிரிதான் தெரியும், அதனால அந்த 19, 4, 6 எல்லாம் எங்க இருந்து வந்துச்சுனு பாத்துட்டுப் போங்க, எனக்குப் பிடிச்ச எடமே அதுதான். 19 வருஷத்துக்கு ஒரு தடவ பௌர்ணமி கிட்டத்தட்ட அதே தேதில வரும், அதனால ஏ. நிலாவோட 12 மாசம் 354 நாள், சூரிய வருஷம் 365, ஸோ ஒவ்வொரு வருஷமும் பௌர்ணமி 11 நாள் முன்னாடி நகரும், கழிக்கணும். காஸ் கழிக்கல. 30 நாள் வட்டத்துல 11 பின்னாடி போறதும் 19 முன்னாடி போறதும் ஒண்ணுதானே, அதனால 19ஆல பெருக்கி கூட்டிட்டாரு. (முதல்ல வந்த வகுக்குற 19 வேற, இந்த 19 வேற, ரெண்டும் ஒரே நம்பரா அமைஞ்சது தற்செயல்.) அதே மாதிரி டியை கழிக்கணும்னா 7 நாள் வட்டத்துல 6 மடங்கு கூட்டினா போதும், சியோட 3 மடங்க கழிக்கிற எடத்துல 4 மடங்கு கூட்டல். மொத்த ஃபார்முலாவுலயும் ஒரு மைனஸ் கெடையாது!

இத அவர் வெளியிட்டது 1800ல, வயசு 23 தான். அடுத்த வருஷம் வந்த அவரோட எண்கணித நூல் ஆரம்பிக்கிறதே ஒரு நம்பரால வகுக்கும்போது ஒரே மீதி வந்தா அந்த நம்பர்கள ஒரே இனமா பாக்கலாம்ங்குற விஷயத்துலதான், அதுக்கு மூணு கோடு போட்ட சமக்குறியும் அவர் குடுத்ததுதான். ஈஸ்டர் கட்டுரைய போட்ட பத்திரிகையோட ஆசிரியர் ஃபொன் ட்ஸாக், இவரேதான் காணாம போன சீரிஸ்ங்குற குறுங்கோள காஸ் கணக்கு போட்டு சொன்ன எடத்துக்குப் பக்கத்துலயே 1801 டிசம்பர் 31 ராத்திரி டெலஸ்கோப்புல புடிச்சாரு. இன்னொரு சுவாரசியம், காஸ் பொறந்த வருஷத்து ஈஸ்டர் மார்ச் 30ன்னு வந்துச்சே, 17 பக்க பலகோணத்த ஸ்கேலும் காம்பஸும் வெச்சு வரையலாம்னு அவர் டைரில முதல் குறிப்பு எழுதினதும் 1796 மார்ச் 30. சும்மா ஒத்துப்போனதுதான், ஆனாலும்.

இப்போ எங்க மாட்டிக்குவீங்கன்னு சொல்றேன். ரெண்டு விதிவிலக்கு இருக்கு. டி 29, ஈ 6 வந்தா விடை ஏப்ரல் 26னு வரும், அத ஏப்ரல் 19ஆ மாத்திக்கணும், 1981 அப்படித்தான். டி 28, ஈ 6, அதோட ஏ 10க்கு மேல இருந்தா ஏப்ரல் 25க்கு பதிலா 18, இதுக்கு 1954 போட்டுப் பாருங்க. இந்த ரெண்டையும் விட்டுட்டு புரோகிராம் எழுதினா பல வருஷம் சரியா ஓடும், திடீர்னு ஒரு வருஷம் ஒரு வாரம் தள்ளிக் காட்டும், ஏன்னு புரியாம மண்டை காயும்.

ஜோடி நம்பர்கள நீங்களே கணக்கு பண்ணணும்னா நூற்றாண்டு நம்பர (1777க்கு 17) எட்டால பெருக்கி 13 கூட்டி 25ஆல வகுங்க, இங்க மட்டும் ஈவு வேணும், 5. பதினேழ 4ஆல வகுத்த ஈவு 4. 15 - 5 + 17 - 4 = 23, இத 30ஆல வகுத்த மீதி முதல் நம்பர். 4 + 17 - 4 = 17, 7ஆல வகுத்த மீதி 3, அது ரெண்டாவது. 1800ல காஸ் அந்த 25 சமாச்சாரத்துக்குப் பதிலா நேரா 3ஆல வகுத்துட்டாரு, 4200ஆம் வருஷம் வரைக்கும் வித்தியாசமே வராது, ஆனாலும் 1816ல திருத்தினாரு. பழைய வெர்ஷன் இன்னும் சில எடத்துல சுத்திட்டு இருக்கு, 3 இருந்துச்சுன்னா அதுதான்.

பழைய தேதிகளுக்குப் போடும்போது அந்த ஊர்ல அப்போ எந்த காலண்டர்னு பாத்துக்கோங்க. ஜெர்மனில ப்ராட்டஸ்டன்ட் பகுதிகள் 1724லயும் 1744லயும் இந்த டேபிள விட்டு வேற ஞாயித்துக்கிழமைல ஈஸ்டர் வெச்சாங்க, 1777க்குள்ள அது சரியாயிடுச்சு, நமக்கு அதிர்ஷ்டம். இங்கிலாந்துல 1752 வரைக்கும் ஜூலியன் காலண்டர், அதாவது இப்போ நம்ம பயன்படுத்துறதுக்கு முன்னாடி இருந்த பழைய காலண்டர். ஜூலியனுக்கு ஜோடி எப்பவுமே 15, 6, நூற்றாண்டு மாறினாலும் மாறாது, விதிவிலக்கும் கெடையாது. வர்ற விடை ஜூலியன் தேதி, இப்போதைக்கு 13 நாள் கூட்டினா நம்ம காலண்டர். 2026க்கு 24, 5 போட்டா ஏப்ரல் 5, 15, 6 போட்டு 13 கூட்டினா ஏப்ரல் 12, 2025க்கு ரெண்டு வழியிலயும் ஏப்ரல் 20 தான் வரும், நீங்க போட்டு வேற வந்துச்சுன்னா ஏ பி சி மீதிய இன்னொரு வாட்டி செக் பண்ணுங்க.